கரியாலூரை எப்படி எழுதுவது?

2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கான வேலைகள் தொடங்கிவிட்டன. 2011-க்குப் பிறகு நாடு எடுக்கும் முதல் கணக்கு இது. காகிதத்தை விட்டுக் கைபேசிக்கும் கணினிக்கும் மாறும் முதல் கணக்கும் இதுதான். மாவட்டம், வட்டம், ஊர் எல்லைகளை 2025 டிசம்பர் 31 அன்று இருந்த நிலையில் நிறுத்திவைத்துக் கணக்கெடுக்கிறார்கள். இந்தப் பட்டியலில் ஓர் ஊரின் பெயர் ஆங்கிலத்தில் எந்த எழுத்தில் ஏறுகிறதோ, அந்த எழுத்தில்தான் அடுத்த பல ஆண்டுகளுக்கு அரசின் கணினிகளில் அந்த ஊர் வாழும். தமிழ்நாடு 2020-இல் கையில் எடுத்துப் பாதியில் கீழே போட்ட ஒரு வேலையை மறுபடி எடுக்க வேண்டிய நேரம் இது.

எட்டே நாளில் போன அரசாணை

2020 ஜூன் 10 அன்று தமிழ் வளர்ச்சித் துறையின் அரசாணை ஒன்று வெளியானது. 1,018 ஊர்ப் பெயர்களைத் தமிழில் ஒலிக்கிறபடியே ஆங்கிலத்திலும் எழுத வேண்டும் என்றது அது. எழும்பூரை எக்மோர் என்றும், திருவல்லிக்கேணியை டிரிப்ளிகேன் என்றும், தூத்துக்குடியை டூட்டிகோரின் என்றும் எழுதியது போதும் என்பதில் அநேகமாக யாருக்கும் மறுப்பில்லை.

மறுப்பு, பட்டியலைப் படித்த பிறகு வந்தது. ஆங்கிலத்தில் பத்து எழுத்தில் இருந்த கோயம்புத்தூர் பதினான்கு எழுத்தாக நீண்டிருந்தது. வேலூருக்குத் தந்திருந்த எழுத்தைப் பார்த்தவர்கள் 'வீலூர்' என்று வாசித்துச் சிரித்தார்கள். ஒரு பெயரில் நெடிலுக்கு இரட்டை எழுத்து. அடுத்த பெயரில் அதே நெடிலுக்கு ஒற்றை எழுத்து. சமூக ஊடகங்களில் கிண்டல் பெருகியது. ஜூன் 18 அன்று ஆணையைத் திரும்பப் பெற்றார்கள். ஒலிபெயர்ப்பு வல்லுநர்களின் கருத்தைக் கேட்டு இரண்டு மூன்று நாளில் திருத்திய பட்டியல் வரும் என்றார் அன்றைய அமைச்சர் க.பாண்டியராஜன். அந்த இரண்டு மூன்று நாள் இன்னும் முடியவில்லை.

கொரோனா ஊரடங்குக் காலத்தில் இது எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் ஆணை தோற்றதற்கு அது காரணமல்ல. எந்தத் தமிழ் எழுத்துக்கு எந்த ஆங்கில எழுத்து என்ற அட்டவணையை முதலில் வெளியிட்டு, அதன்படி பெயர்களை எழுதியிருந்தால் 'வீலூர்' வந்திருக்காது. அட்டவணை இல்லாமலேயே ஆயிரம் பெயரை எழுதிவிட்டார்கள். அதிலும் கோவை, வேலூர், திண்டுக்கல் போன்ற பெரிய ஊர்களில் கை வைத்தார்கள். இந்த எழுத்துக் குழப்பத்தால் மிகக் குறைவாகப் பாதிக்கப்படுகிற ஊர்கள் அவைதான்.

பெரிய ஊருக்கு ஒரு விதி, சிற்றூருக்கு ஒரு விதி

இந்தப் பாகுபாடு நாம் கண்டுபிடித்ததல்ல. கடற்கரை ஊர்களின் பெயரை ஐரோப்பியர்கள் முதலில் தங்கள் காதுக்குக் கேட்டபடி எழுதினார்கள். தூத்துக்குடியைப் போர்ச்சுகீசியர்கள், தரங்கம்பாடியை டேனிஷ்காரர்கள், புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரர்கள் எழுதிய விதத்தையே ஆங்கிலேயர்களும் எடுத்துக்கொண்டார்கள். அந்த எழுத்துகள் வரைபடத்திலும் கப்பல் கணக்கிலும் ஊறிப்போயின.

1870-களில் டபிள்யூ.டபிள்யூ.ஹண்டர் என்ற அதிகாரி இந்தியப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுத ஒரு முறையை வகுத்தார். அரசும் அதை ஏற்றது. இந்திய நில அளவைத் துறை இன்றும் அதன் வழியில்தான் நடக்கிறது. அன்றே ஒரு விலக்கு வைத்தார்கள்: கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ் போன்ற புகழ்பெற்ற பெயர்களைத் தொட வேண்டாம், மற்ற ஊர்களை மட்டும் புதிய முறையில் எழுதலாம் என்று. இப்படி, ஊரின் பெருமையைப் பார்த்து எழுத்து விதியைத் தளர்த்தும் பழக்கம் 150 ஆண்டு பழையது.

சுதந்திரத்துக்குப் பிறகு அந்தப் பெருநகரங்களை ஒவ்வொன்றாகத் திருத்தினோம். 1991-இல் திருவனந்தபுரம், 1995-இல் மும்பை, 1996-இல் சென்னை, 2001-இல் கொல்கத்தா, 2006-இல் புதுச்சேரி, 2014 நவம்பர் 1 அன்று பெங்களூரு, மைசூரு, பெலகாவி உட்படக் கர்நாடகத்தின் பன்னிரண்டு ஊர்கள். எல்லாம் சரிதான். வேண்டியதுதான். ஆனால் பெங்களூரை எந்த எழுத்தில் எழுதினாலும் விமானம் அதே ஓடுபாதையில்தான் இறங்கும். சென்னையில் இருக்கும் உயர் நீதிமன்றத்துக்கு இன்றும் மெட்ராஸ் உயர் நீதிமன்றம் என்றுதான் பெயர். அதை மாற்ற 2016-இல் நாடாளுமன்றத்தில் கொண்டுவந்த மசோதா நிறைவேறவில்லை. அதனால் ஒரு வழக்கும் நின்றுபோகவில்லை. பெரிய ஊருக்கு இரண்டு பெயரையும் தாங்கும் உடம்பு இருக்கிறது.

மலைமேல் என்ன நடக்கிறது?

கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி, கச்சிராயபாளையம், கோமுகி அணையைத் தாண்டிக் கல்வராயன்மலை ஏறினால், வெள்ளிமலை போகும் வழியில் வருகிறது கரியாலூர். பஸ்ஸின் நெற்றியில் ஊர்ப் பெயர் தமிழில் இருக்கிறது. அதில் யாருக்கும் ஒரு குழப்பமும் இல்லை. இறங்க வேண்டியவர்கள் சரியாக இறங்குகிறார்கள்.

குழப்பம் இ-சேவை மையத்தின் திரையில் தொடங்குகிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு மாணவிக்கு வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, கல்வி உதவித்தொகை என்று நான்கைந்து விண்ணப்பம் போட வேண்டியிருக்கும். ஒவ்வொரு தளத்திலும் மாவட்டம், வட்டம், கிராமம் என்று வரிசையாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். கரியாலூர் என்பதன் கடைசி எழுத்துக்கு ஒரு 'யு' போதுமா, இரண்டு 'ஓ' வேண்டுமா? நடுவில் இருக்கிற 'யா'வுக்கு ஒரு 'ஏ'யா, இரண்டா? மனிதக் கண்ணுக்கு இவை எல்லாம் ஒரே ஊர். தேடுகிற கணினிக்கு நான்கு ஊர். ஆதாரில் ஒரு விதம், வங்கிப் புத்தகத்தில் ஒரு விதம், மதிப்பெண் பட்டியலில் ஒரு விதம் இருந்தால், 'மேட்ச் ஆகலம்மா, திருத்திட்டு வாங்க' என்ற பதில்தான் கிடைக்கும். திருத்துவது என்றால் மலையிறங்கி ஒரு நாள் கூலியை விட்டு அலைவது என்று அர்த்தம்.

பெயர் ஆங்கிலத்துக்குப் போவதோடு இது நிற்பதில்லை. ஆங்கிலத்திலிருந்து மறுபடி தமிழுக்குத் திரும்புகிறது. இதுதான் இன்னும் மோசம். கல்வராயன்மலையில் கிளாக்காடு என்று ஓர் ஊர். சேராப்பட்டு, தொரடிப்பட்டு என்று ஊர்கள். கிளாக்காட்டை ஆங்கிலத்தில் எழுதி, அந்த ஊரையே அறியாத ஒருவரிடமோ ஒரு மென்பொருளிடமோ கொடுத்துத் தமிழில் எழுதச் சொல்லிப் பாருங்கள். கிழக்காடு, கீழக்காடு, கிலக்காடு, எது வேண்டுமானாலும் வரலாம். சேராப்பட்டு செரப்பட்டு ஆகும். கரியாலூர் காரியலூர் ஆகும். ல, ள, ழ மூன்றுக்கும் ஒரே எழுத்தும், குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே எழுத்தும் எழுதிப் பழகியதற்கு நாம் கொடுக்கும் விலை இது. ஊர்க்காரர்கள் தங்கள் ஊர்ப் பெயரை அரசின் தமிழ் அறிவிப்பிலேயே அடையாளம் காண முடியாத நிலை வருகிறது.

மலைக்கே இரண்டு பெயர் நிலவுகிறது. கள்ளக்குறிச்சிப் பக்கம் கல்வராயன். சேலத்துப் பக்கம், கருமந்துறை போகிற வழியில், கல்ராயன். பிரிட்டிஷ் கால மாவட்டக் கையேடுகள் இரண்டாவதையே எழுதின. மலையடிவாரத்திலும் இதே கதைதான். கள்ளக்குறிச்சிக்கு நடுவில் ஒரு 'கே' போடுகிறது மாவட்ட நிர்வாகம். 2011 கணக்கெடுப்பு இரண்டு 'கே' போட்டது. உளுந்தூர்பேட்டை, சட்டமன்றத் தொகுதியின் பெயரில் 'பேட்டை'யாக இருக்கிறது. ரயில் நிலையத்தில் 'பெட்'டாகக் குறுகிவிடுகிறது. திருக்கோவிலூரா திருக்கோயிலூரா என்பதற்கு நாம் தமிழிலேயே இன்னும் முடிவு கட்டவில்லை. கச்சிராயபாளையத்தையும் பத்திரிகைகள் இரண்டு மூன்று விதமாக எழுதுகின்றன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகிர்தாரர்களின் பிடியில் இருந்த இந்த மலை, அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது 1976-இல்தான். நாடு விடுதலை அடைந்து 29 ஆண்டு கழித்து. ஆக, இங்கே பட்டா, ரேஷன் அட்டை, வாக்காளர் பட்டியல் என்று வந்த காகிதம் பெரும்பாலும் நம் அரசு எழுதியது. கரியாலூரின் எழுத்தைக் குழப்பியதற்கு எந்த வெள்ளைக்காரனையும் திட்ட முடியாது. துரைகள் விட்டுப்போன பழக்கத்தை நம் தாலுகா ஆபீஸ் பத்திரமாகக் காப்பாற்றியிருக்கிறது.

ஒரே வீடு, நான்கு மாவட்டம்

1970-இல் கரியாலூரில் பிறந்து, அதே வீட்டில் இன்றும் இருக்கிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் பிறந்தது தென் ஆற்காடு மாவட்டத்தில். 1993-இல் மாவட்டம் பிரிந்தபோது அவர் விழுப்புரம் ராமசாமி படையாட்சியார் மாவட்டத்துக்காரர். 1997-இல் மாவட்டப் பெயர்களிலிருந்து தலைவர்களின் பெயரை நீக்கியபோது வெறும் விழுப்புரம். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி. வீட்டுத் திண்ணையை விட்டு இறங்காமலேயே நான்கு மாவட்டத்தில் வாழ்ந்துவிட்டார்.

வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்துக்காகப் பழைய பட்டியலில் தங்கள் பெயரையோ பெற்றோர் பெயரையோ தேடியவர்களுக்கு இதன் அருமை தெரிந்திருக்கும். இருபது ஆண்டுக்கு முந்தைய பட்டியலில் கள்ளக்குறிச்சி மாவட்டம் என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. விழுப்புரத்தில் தேட வேண்டும். அதைச் சொல்லிக்கொடுக்கப் பக்கத்தில் ஒருவர் வேண்டும்.

இந்த மலையில் பெரும்பான்மையாக வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்து மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. (பெயரைப் பார்த்துவிட்டு 'நீங்கள் கேரளாவா?' என்று வெளியூரில் கேட்கிறார்கள். அது தனிக் கூத்து.) இவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் வைத்திருக்கும் மத்திய அரசின் ஆணையை 1976-இல் திருத்தினார்கள், மலையில் ஜாகிர் ஒழிந்த அதே ஆண்டில். அதில் மலையாளி என்ற பெயருக்கு எதிரே மாவட்டங்களின் பட்டியல் இருக்கிறது: தர்மபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி. அதில் கள்ளக்குறிச்சி இல்லை. விழுப்புரமும் இல்லை.

கரியாலூர் மாணவியின் இட ஒதுக்கீடு, இன்று எந்த வரைபடத்திலும் இல்லாத தென் ஆற்காடு என்ற மாவட்டப் பெயரில் தொங்கிக்கொண்டிருக்கிறது. சான்று தரும் வருவாய்க் கோட்டாட்சியருக்கு இது தெரியும். வடக்கே எங்கோ ஒரு மத்திய நிறுவனத்தில் சான்றிதழைச் சரிபார்க்கும் எழுத்தருக்குத் தெரிய வேண்டும் என்று கட்டாயமில்லை. கள்ளக்குறிச்சி பட்டியலில் இல்லையே என்று அவர் கேட்டால், 1993-லிருந்து கதை சொல்ல வேண்டும்.

பட்டியலில் இல்லாத மாவட்டத்தில் வாழ்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையே சாட்சி. 1976-இல் அது கோயம்புத்தூர் மாவட்டம். கோயம்புத்தூர் பட்டியலில் இல்லை. அதே மலையாளி மக்கள் அங்கே பழங்குடியினராக ஏற்கப்படாமல் பல பத்தாண்டுகளாகப் போராடி வருகிறார்கள்.

எழுத்துப் பிழைக்காக நாடாளுமன்றமே சட்டம் இயற்ற வேண்டிவந்ததும் உண்டு. சத்தீஸ்கரில் பாரியா பூமியா என்ற பழங்குடியினர், பேச்சுவழக்கில் புயின்யா, புயியான், புயான் என்றெல்லாம் பதிவானார்கள். ஆணையில் இருக்கிற எழுத்தோடு ஒத்துப்போகவில்லை என்று சான்று கிடைக்காமல் அலைந்தார்கள். கடைசியில் அந்த வேறு வடிவங்களையும் பட்டியலில் சேர்க்கும் மசோதா 2022 டிசம்பரில் மக்களவையிலும் 2023 ஜூலையில் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. பெயரில் இரண்டெழுத்து மாறியதற்கு ஒரு தலைமுறையின் படிப்பும் வேலையும் போயிருக்கிறது என்பதை நாடே ஒப்புக்கொண்ட சம்பவம் அது.

ஆப்பிரிக்காவிலிருந்து இரண்டு செய்தி

காலனி ஆட்சி விட்டுப்போன ஊர்ப் பெயர்களோடு அதிகம் மல்லுக்கட்டிய கண்டம் ஆப்பிரிக்கா. லியோபோல்ட்வில் 1966-இல் கின்ஷாசா ஆனது, லொரென்சோ மார்க்கஸ் 1976-இல் மபூட்டோ ஆனது, சாலிஸ்பரி 1982-இல் ஹராரே ஆனது. மன்னர், மாலுமி, பிரபு பெயர்களை எடுத்துவிட்டு வேறு பெயர் வைத்த கதைகள் இவை. நமக்குப் பாடம் இவற்றில் இல்லை. பெயரை மாற்றாமல் எழுத்தை மட்டும் திருத்திய ஊர்களில் இருக்கிறது.

தென்னாப்பிரிக்காவில், மண்டேலா பிறந்து வளர்ந்த பகுதியின் முக்கிய நகரத்தை ஆங்கிலேயர்கள் 'உம்டாடா' என்று எழுதி வந்தார்கள். அந்த மக்கள் பேசும் கோசா மொழியில் அது 'ம்தாதா'. 2004-இல் மொழிக்கு ஏற்ற எழுத்துக்கு மாற்றினார்கள். அந்த நாட்டில் 1998-இல் சட்டம் இயற்றிப் புவியியல் பெயர்களுக்கென்றே ஒரு மன்றம் அமைத்திருக்கிறார்கள். ஒரு பெயர் மாற வேண்டும் என்று யார் வேண்டுமானாலும் அதற்கு எழுதலாம்.

சோமாலியா வேறு வழியில் வந்தது. 1972-இல் சோமாலி மொழியை எந்த எழுத்தில் எழுதுவது என்று முதலில் முடிவு செய்தார்கள். லத்தீன் எழுத்தை எடுத்து, எந்த ஒலிக்கு எந்த எழுத்து என்று விதி வகுத்தார்கள். பிறகு ஊர்ப் பெயர்கள் தாமாக அந்த விதிக்குள் விழுந்தன. தலைநகரை அவர்கள் 'முக்திஷோ' என்று எழுதுகிறார்கள். உலகம் இன்னும் மொகதிஷு என்றே எழுதுகிறது. அதைப் பற்றி அவர்கள் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. தங்கள் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் ஒரே எழுத்து போதும் என்று விட்டுவிட்டார்கள். முதலில் விதி, பிறகு பெயர். நாம் 2020-இல் செய்தது இதற்கு நேர்மாறு.

இன்னொரு செய்தி, பழைய எழுத்தை ஏன் அழிக்கக் கூடாது என்பது பற்றியது. 1860 அக்டோபரில் மெட்ராஸில் புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் நவம்பர் 16 அன்று நேட்டாலில் கரை சேர்ந்தது. கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாக அதில் போனவர்களுக்குப் பின்னால் ஆயிரமாயிரம் பேர் போனார்கள். மொரீஷியஸுக்கும் அப்படியே. கப்பல் பதிவேட்டில் ஒவ்வொருவரின் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர் எல்லாம் எழுதினார்கள். எழுதியவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டியதில்லை. காதில் விழுந்ததை எழுதினார். இன்று டர்பனிலிருந்தும் போர்ட் லூயியிலிருந்தும் வேர் தேடி வருகிற பேரப்பிள்ளைகளின் கையில் இருப்பது அந்த ஒரு வரிதான். மாவட்டம் வட ஆற்காடு அல்லது செங்கல்பட்டு என்று புரிந்துவிடுகிறது. ஊரின் பெயர் எந்த வரைபடத்திலும் இல்லாத ஓர் எழுத்தில் நிற்கிறது. அது எந்த ஊராக இருக்கும் என்று சொல்ல நம்மிடம் ஒரு பழைய பெயர் அகராதி கிடையாது. தாத்தாவின் ஊரைத் தேடி வந்து, ஊர் தெரியாமலேயே கோயில்களைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

எழுத்தைத் திருத்துகிறபோது பழையதைக் கிழித்துப்போட்டால், அடுத்த நூற்றாண்டில் நம் பேரப்பிள்ளைகளுக்கும் இதே கதிதான்.

செய்ய வேண்டியவை

முதல் வேலை, அட்டவணை. தமிழின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஆங்கிலத்தில் எது என்று ஒரே ஒரு பக்கத்தில் அரசு வெளியிட வேண்டும். அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் விவாதிக்க இதில் எதுவும் இல்லை. எந்த முறையானாலும் நாலு பேர் குறை சொல்வார்கள். குறையுள்ள ஒரே விதி, விதியே இல்லாததைவிட மேல். பொதுமக்களுக்கு இரண்டு மாதம் பார்க்கக் கொடுத்துவிட்டு முடிவு செய்யலாம்.

அதன்படி ஊர்ப் பெயர்களை எழுதுவதற்கு முன்பாகவே தமிழ் எழுத்தை உறுதி செய்ய வேண்டும். கச்சிராயபாளையமா கச்சிராபாளையமா என்பதைச் சென்னைக் கோட்டையில் முடிவு செய்ய முடியாது, செய்யவும் கூடாது. கிராம சபை இருக்கிறது. குடியரசு நாள், மார்ச் 22, மே 1, சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள், நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. கல்வராயன்மலை ஒன்றியத்தின் 15 ஊராட்சிகளில் நூற்றுக்கும் மேற்பட்ட சிற்றூர்கள் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வோர் ஊராட்சியும் தன் சிற்றூர்களின் பெயரை வரிசையாகப் படித்து, இதுதான் எங்கள் எழுத்து என்று ஒரு தீர்மானம் போட்டால் போதும். ஒரு மணி நேர வேலை. வெள்ளிமலை தாலுகா ஆபீஸ் அதைத் தொகுத்து அனுப்பட்டும். மாநிலம் முழுவதற்கும் முன்மாதிரியாக இந்த மலையிலிருந்தே தொடங்கலாம் என்பது என் யோசனை. சின்ன ஒன்றியம், சிக்கல் மட்டும் பெரியது.

ஊர்ப் பெயரை முறையாக மாற்ற மத்திய உள்துறையின் 1953-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் இருக்கின்றன. ரயில்வே, அஞ்சல் துறை, நில அளவைத் துறை எல்லாம் ஆட்சேபம் இல்லை என்று சொல்ல வேண்டும். கோவைக்கும் தூத்துக்குடிக்கும் அந்த வழி தேவைப்படலாம். அதற்காகக் கரியாலூர் காத்திருக்க வேண்டியதில்லை. மாநில அரசின் கையில் இருக்கும் தளங்களான இ-சேவை, பட்டா, ரேஷன், கல்வி உதவித்தொகை ஆகிய நான்கிலும் ஒரே எழுத்தைக் கொண்டுவர யாருடைய அனுமதியும் வேண்டாம். இன்னொன்று: ஒவ்வோர் ஊருக்கும் மத்திய அரசின் உள்ளாட்சி அடைவில் தனி எண் ஏற்கெனவே இருக்கிறது. கணினி ஊரை எண்ணால் அடையாளம் காணட்டும். எழுத்து மனிதருக்கு மட்டும் இருக்கட்டும். கிராமத்தைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் தமிழில் வரட்டும். எந்த எழுத்தில் தேடினாலும் அந்த எண்ணுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வசதி இன்று ஒரு பெரிய தொழில்நுட்பமே இல்லை.

எழுத்து மாறியதற்காக மக்களிடம் ஒரு பைசா வாங்கக் கூடாது. பிரமாணப் பத்திரம், நோட்டரி, பத்திரிகை விளம்பரம் என்று எதுவும் கேட்கக் கூடாது. அரசே அரசிதழில் ஒரு பட்டியல் வெளியிட வேண்டும். அதில் ஒரு பக்கம் புதிய எழுத்து, எதிரே அந்த ஊருக்கு இதுவரை புழங்கிய எல்லாப் பழைய எழுத்துகளும் இருக்க வேண்டும். இவை அனைத்தும் ஒரே ஊர் என்று அந்தப் பட்டியல் சட்டப்படி சொன்னால், பழைய சான்றிதழ் எதையும் யாரும் மாற்ற வேண்டியதில்லை. டர்பனிலிருந்து வருகிறவர்களுக்கும் அதுவே கைவிளக்கு ஆகும்.

பழங்குடியினர் ஆணையைத் தொடும்போது மிகவும் கவனம் தேவை. தென் ஆற்காடு பழைய பெயராயிற்றே என்று அதை நீக்கிவிட்டு இன்றைய மாவட்டங்களை எழுதப் போய், ஏதாவது ஒரு மாவட்டம் விட்டுப்போனால் ஒரு மலையே உரிமை இழக்கும். பழைய பெயரை அப்படியே வைத்து, இன்று அது எந்தெந்த மாவட்டங்களைக் குறிக்கிறது என்று விளக்கம் சேர்ப்பதே பாதுகாப்பு. பர்கூர் மலை மக்களின் கோரிக்கை இதைவிடப் பெரியது. அதை எழுத்துத் திருத்தத்தோடு சேர்த்துக் குழப்பாமல் தனியாக, விரைவாக முடிக்க வேண்டும்.

'ஆங்கில எழுத்தைப் பற்றி இத்தனை கவலை எதற்கு? எல்லாவற்றையும் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாமே' என்று கேட்கலாம். மாநில அரசின் அலுவலகங்களைப் பொறுத்தவரை நானும் அதையே சொல்வேன். ஆனால் வங்கியும் ரயிலும் ஆதாரும் கடவுச்சீட்டும் தமிழில் மட்டும் ஓடப் போவதில்லை. அங்கே ஊர்ப் பெயர் எப்படியும் ஆங்கிலத்தில் ஏறும். யாரோ ஒரு தட்டச்சாளரின் அவசரத்தில் அது ஏறுவதைவிட, ஊர் கூடி முடிவு செய்த எழுத்தில் ஏறட்டும்.

கோயம்புத்தூரை எப்படி எழுதுவது என்ற சண்டையை இன்னும் ஐந்தாண்டு போட்டுக்கொள்ளலாம், அவசரமில்லை. மலையூர்களுக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. ஊர் எல்லைகளைத்தான் நிறுத்திவைத்திருக்கிறார்கள். எல்லையை மாற்றுவது வேறு, எழுத்தைச் சரிசெய்வது வேறு என்று மாநில அரசு கணக்கெடுப்பு ஆணையரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். கரியாலூர், சேராப்பட்டு, கிளாக்காடு, இன்னாடு ஊர்க்காரர்களே, அடுத்த கிராம சபைக்குப் போகும்போது, உங்கள் ஊரின் பெயர் அரசின் பட்டியலில் எந்த எழுத்தில் இருக்கிறது என்று ஊராட்சிச் செயலரைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். தப்பாக இருந்தால் அங்கேயே தீர்மானம் போட்டு, நகல் ஒன்றைக் கையோடு வாங்கி வாருங்கள்.